புதுப்பிப்பு: வாள் மட்டுமே வைத்திருந்த குழுவும் ஓக்கர் ஜெல்லியும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டில், வெட்ட வெட்டப் பெருகும் ஓக்கர் ஜெல்லி என்ற கூழ் அரக்கனை, நான் ஆட்டம் நடத்தும் எங்கள் கோத்தகிரிக் குழு வாளை மட்டும் வைத்துச் சமாளிக்குமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஜெல்லியின் உயிர்ப்புள்ளிகளை (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கை) நான் முன்கூட்டியே குறைத்து வைக்கத் தேவைப்படவில்லை. நிலவறை வாயிலில், வெட்டாமல் நசுக்கும் சம்மட்டி ஒன்றைப் போட்டு வைக்கச் சொன்ன யோசனையே பலித்தது. முதல் வாள்வீச்சில், ஜெல்லிக்கு அடையாளமாக மேசையில் வைத்திருந்த ஊட்டி வர்க்கியை நான் இரண்டாக உடைத்ததுமே, ஆட்டக்காரர்களின் கை சம்மட்டிக்கு நீண்டது.

எதிர்பாராதது ஒன்று உண்டு: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளின்படி, ஜெல்லி பிளவுபடக் குறைந்தது 10 உயிர்ப்புள்ளிகளோடு, குறைந்தது நடுத்தர அளவும் வேண்டும் என்பதால், ஒவ்வொரு பிளவிலும் பாதியாகி 45 புள்ளிகள் 22 ஆகி, பிறகு 11 ஆனதும், அளவிலும் படிப்படியாகச் சிறிய அளவுக்கு இறங்கிவிட்ட அத்துண்டுகள் மேலும் பிளவுபடவில்லை. ஆக, அதிகபட்சம் நான்கே துண்டுகள்.