மறு: "கிரேட்டான்" – தமிழில் என்ன போடுவது?

நண்பர்களே, பதினொன்றாம் வகுப்புக்கான வைரப் பாடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. "காப்வால் கிரேட்டான்" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கம் அதன் மேல்தான் இருக்கிறது. கிரேட்டான் என்றால் கண்டத்தின் மிகப் பழைய, அசையாத பகுதி; இது 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய நிலம். அடியில் சுமார் 200 கி.மீ. வரை இறங்கிய தடித்த, குளிர்ந்த வேர். "தொல்நிலத் திட்டு" என்று போட்டுப் பார்த்தேன். அந்தப் பெயரில் வேர் தெரியவில்லை.
– க.

> வேர் தெரியவில்லை

"அகக்காழனவே மரமென மொழிப" என்கிறது தொல்காப்பிய மரபியல். காழ் என்றால் மரத்தின் உள்ளே இறுகிய வயிரம். கிரேட்டானின் கிரேக்க மூலத்துக்கும் வலிமை என்றே பொருள். "நிலக்காழ்" என்று வையுங்கள். வயிரம் பாய்ந்த நிலத்தில் வைரம்! இதைவிட என்ன வேண்டும்?
– இரா.

ஐயா, அழகுதான். நேற்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். "யாழ் தெரியும் சார், காழ் என்னது?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். இன்னொருத்தி காழ்ப்புணர்ச்சியா என்று கேட்டாள்.
– செ.

காழ்ப்பும் மனம் இறுகுவதுதானே? வைரத்துக்கும் பகை என்ற பொருள் உண்டு.
– இரா.

பகை என்ற வைரம் வடமொழி "வைர"-விலிருந்து வந்தது. மணியான வைரம் "வஜ்ர"-விலிருந்து. இரண்டையும் ஒரே வேரில் முடிச்சுப் போடாதீர்கள்.
– மு.

வேர்ச்சொல்லை விட்டு நில வேருக்கு வருவோமா? 150 கி.மீ. ஆழத்தில் வைரத்துக்கு வேண்டிய அழுத்தம் இருக்கிறது. ஆனால் மற்ற இடங்களில் அங்கே சூடும் அதிகம், கார்பன் கிராஃபைட்டாகவே கிடக்கும். இந்த வேர் குளிர்ந்திருப்பதால்தான் வைரம் நிலைக்கிறது. கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறைக்குழம்பு அதை மேலே ஏற்றி வரும் லாரி, அவ்வளவுதான். மெதுவாக வந்தால் சரக்கு வழியிலேயே வீண். அதனால் பெயரில் அடிப்பகுதி தெரிய வேண்டும். படகின் அடிமரத்தை ஏரா என்பார்கள். "நில ஏரா" எப்படி? நிலவியலாளர் கிளிஃபர்டு 1966-இல் சொன்னதும் இதுதான்: வைரம் வேண்டுமா, பழைய கிரேட்டானில் தேடு. (ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் வைரச் சுரங்கம் மட்டும் கிரேட்டானின் ஓரத்தில், லாம்ப்ராய்ட் என்ற வேறொரு எரிமலைப் பாறையில் அகப்பட்டு விதியைக் கேலி செய்தது.)
– ப.

ஏரா வேருக்கு மட்டும்தான் பொருந்தும். படகு முழுவதையும் ஏரா என்போமா?
– மு.

சரி, நேரமில்லை. தலைப்பில் "நிலக்காழ்", உள்ளே முதல் தடவை கிரேட்டானும். அடிப்பகுதிக்கு "வேர்" போதும். நான்கு பேர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.
– க.

மூன்று பேர். அப்புறம், கிம்பர்லைட்டுக்கு "வைரத்தாய்ப் பாறை" என்று யாரோ தனிமடலில் கேட்டிருந்தார்கள்.
– செ.

பெரும்பாலான கிம்பர்லைட்டில் வைரமே கிடையாது, அம்மா.
– ப.