புதுப்பிப்பு: பாம்பன் பாலத்தில் வாலாட்டிய படகு ட்ரெய்லர்

பாம்பனிலிருந்து தொண்டிக்கு ஃபைபர் வள்ளத்தை இழுத்துப் போனபோது பாலத்தில் ட்ரெய்லர் வாலாட்டியது, அதாவது பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடியது என்று போன வாரம் எழுதியிருந்தேனே, அதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. எஞ்சினைக் கழற்றாமல் படகின் பின்னாலேயே விட்டிருந்ததால் பாரமெல்லாம் பின்பக்கம் இறங்கி, ட்ரெய்லரின் முன்முனையை ஒரு கையால் தூக்கினாலே லேசாக மேலே வந்தது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டுமாம். எஞ்சினை பிக்கப்பில் போட்டு, வள்ளத்தையும் ஒரு முழம் முன்னால் நகர்த்தினேன். நேற்று அதே பாலத்தில் 40 கி.மீ. வேகத்தில் போனேன், ஆட்டமே இல்லை.

வள்ளத்தின் பின்பகுதி நம்பர் பிளேட்டையும் விளக்கையும் மறைக்கிறது என்று அண்ணன் ஒருவர் சொன்னதும் சரி. ஒரு பலகையில் இரண்டையும் மாட்டிக் கட்டிவிட்டேன். அப்புறம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் கிரீஸுக்குப் பதில் துருக்கூழ். எல்லாம் ட்ரெய்லரை உப்புத்தண்ணீரில் இறக்கியதன் பலன்!