மறுமடல்: பாதாளச் சாக்கடை மனு – "உடனே தார் போடு" வரியை எடுத்துவிடுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நாகர்கோவில் பாதாளச் சாக்கடை வேலையைப் பற்றின மனு வரைவைப் படித்தேன். "தோண்டிப் போட்ட தெருக்களுக்கு உடனே தார் போட வேண்டும்" என்பதுதான் முதல் கோரிக்கையாக இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். நாகர்கோவில் மாநகராட்சி ஆனது 2019-ல். பெயர்ப்பலகை மாறின வேகத்தில் தெரு மாறவில்லை என்ற எரிச்சல் எல்லாருக்கும் உண்டு. ஆனால் சோதிக்காத குழாய்க்கு மேல் தார் போட்டால், அதே தெருவை இன்னொரு தடவை வெட்ட வேண்டி வரும்.

"எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தாச்சு" என்ற கேள்வியும் வேண்டாம். பாதாளச் சாக்கடை வேலை எந்த ஊரில் நடந்தாலும் இந்தக் கணக்கு மட்டும் அழகாகவே வரும். பள்ளம் வெட்டி, குழாய் இறக்கி, மண்ணை மூடினால் மீட்டர் கணக்கில் பில் எழுதிவிடலாம். அதனால் லேசான தெருக்கள் முதலில் முடியும். பம்பிங் ஸ்டேஷனுக்கு இடம், ரயில் பாதைக்கு அடியில் குழாய் தள்ள அனுமதி, நெடுஞ்சாலையை வெட்ட அனுமதி இவைதான் இழுக்கும். முறைப்படி வேலை கீழேயிருந்து மேலே வர வேண்டும்: சுத்திகரிப்பு நிலையம், அதற்குப் போகும் அழுத்தக் குழாய், பம்பிங் ஸ்டேஷன், பெரிய குழாய், கடைசியில்தான் தெரு. தலைகீழாகச் செய்தால் தெருக்குழாய் போக்கிடம் இல்லாமல் மண்ணும் மழைவெள்ளமும் நிரம்பிக் கிடக்கும். ஏலாவை (வயல்வெளியை) நிரத்தி வீடு கட்டின தாழ்ந்த பக்கங்களில் இன்னொரு கூத்தும் உண்டு. ஊற்று மேலே ஏறினதும் காலியாகக் கிடக்கிற பிளாஸ்டிக் குழாய் மிதக்கப் பார்க்கும். நாலு விரல் தூக்கினாலும் தண்ணீர் ஓட வேண்டிய சரிவு, அதாவது வாட்டம், போச்சு.

குழாய்ச் சோதனை என்றால் என்ன என்று ஷார்ஜாவில் இருக்கிற நம்மாட்கள் கேட்டிருந்தார்கள். ஒரு மேன்ஹோலுக்கும் (தெருவில் மூடி போட்ட ஆள்குழி) அடுத்ததுக்கும் நடுவே சாதாரணமாக 30 மீட்டர் இருக்கும். இந்தத் துண்டுக்குள் குழாய் அம்பு மாதிரி நேராகப் போக வேண்டும். ஒரு முனையில் விளக்கு, மறு முனையில் கண்ணாடி வைத்துப் பார்த்தால், வெளிச்சம் முழுநிலாவாகத் தெரிந்தால் நேர். பிறையாகத் தெரிந்தால் நடுவே தொய்வு. அந்தத் தொய்வில்தான் நாளைக்குக் கசடு தங்கும். அடுத்தது பந்து. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மி.மீ. குறைந்த வழுவழுப்பான பந்தை மேல் முனையில் விட வேண்டும், 200 மி.மீ. குழாய்க்கு 187 மி.மீ. பந்து. கீழே வந்து விழாவிட்டால் மூட்டில் சிமெண்டு பிதுங்கி நிற்கிறது, இல்லையென்றால் குழாய் விலகியிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, கீழ் முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்ப்பது. மூட்டுகளை மண் போட்டு மூடுவதற்கு முன்னால் செய்தால்தான் எந்த மூட்டு கசிகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

மண் மூடுவதிலும் கோளாறு வரும். 15 முதல் 20 செ.மீ. கனத்துக்கு அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, இடிக்க வேண்டும். ஜேசிபி வாளியால் ஒரே தள்ளாகத் தள்ளினால், முதல் மழையில் பள்ளம் குழாயின் நீளத்துக்கு அப்படியே உட்காரும். பஸ் சக்கரம் இறங்குவது அந்தக் கோட்டில்தான். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பள்ளம் வெட்ட ஒழுங்காகக் கிடைப்பது ஜனவரி முதல் மே வரை. வேலை உத்தரவு மே மாசம் கைக்கு வந்தால் அந்த வருஷம் போனது போனதுதான். மனுவில் டெண்டர் தேதியைப் பற்றி ஒரு வரி கண்டிப்பாக வேண்டும்.

மழைவெள்ளத்தைப் பற்றி வரைவில் ஒன்றுமே இல்லை. நம்மாட்கள் மொட்டைமாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் கொடுத்துவிடுவார்கள், எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்து, அதில் 80 சதவீதம் கழிவாகும் என்றுதான் திட்டம் போடுகிறார்கள். நாலு பேர் வீட்டுக்கு நாளொன்றுக்கு 432 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு சாயங்காலம் 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். பதினொன்றரை நாள் கழிவு ஒரு மணி நேரத்தில் இறங்கினால், தாழ்ந்த தெருவில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். மாடித் தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்கோ, கிணற்றடிக்கோ போகட்டும்.

கோட்டாறு கடைத்தெரு மாதிரி ஒடுங்கின இடங்களுக்கு அடைப்பு எடுக்கிற சிறிய இயந்திரம் வாங்கப்படுமா என்றும் கேளுங்கள். பெரிய லாரி உள்ளே போகாது. பாதுகாப்பில்லாமல் ஆளை மேன்ஹோலுக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி குற்றம்.

மனுவோடு ஒரு தகவல் உரிமை விண்ணப்பமும் போக வேண்டும். 10 ரூபாய்க் கட்டணம், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் தாமதம்" என்று கேட்டால் ஆவணம் வராது, வியாக்கியானம்தான் வரும். வார்டு வாரியாக மேன்ஹோல் எண், சோதனை தேதி, அளவுப் புத்தகத்தின் (முடிந்த வேலையை அளந்து பதிகிற புத்தகம்) பக்க நகல் என்று கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும் இடம் கொடுக்கிறது. இதை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஊரில் இருக்கிற இரண்டு பேர் அந்த 187 மி.மீ. பந்து விடும் நாளில் போய் நின்றால், பத்து மனுவுக்குச் சமம்.

பூட்டின வீடு வைத்திருக்கிறவர்களுக்கு: இணைப்புக் கொடுக்க வரும்போது ஆள் இல்லையென்றால் உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள், பிறகு உங்களுக்காகத் தெருவைத் தனியாக வெட்ட வேண்டும். ஊரிலுள்ள உறவுக்காரர் ஒருத்தருக்கு எழுத்து மூலம் பொறுப்புக் கொடுங்கள். இணைப்பு ஆனதும் செப்டிக் டேங்கைக் காலிசெய்து, அடியில் துளைபோட்டு, மணல் நிரப்பிவிட வேண்டும். அதன் வழியாகவே விட்டால், அழுகின கழிவின் வாயு மேன்ஹோல் கான்கிரீட்டைத் தின்னும். ஆறு மாசம் பூட்டிக் கிடந்தால் குளிமுறித் தரையிலுள்ள டிராப்பில் (தண்ணீர் தேங்கி நாற்றத்தை அடைக்கிற வளைவில்) தண்ணீர் வற்றி, நாற்றமும் பாச்சானும் (கரப்பானும்) உள்ளே வரும். புறப்படும் அன்று ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு தண்ணீர் விட்டு, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். வற்றுவது வெகுவாகத் தாமதப்படும்.

திருத்தின வரைவை நவம்பருக்குள் சுற்றுக்கு விடுங்கள். ஜனவரிக்கு முன்னால் மனு அதிகாரிகள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.