22 அடி பாய்மரப் படகு, இரும்புக் கீல்: அடிப்பக்கத்துக்கு எந்த ஆன்டிஃபவுலிங் (பாசி, பார்னக்கிள் ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட்)?

தென்றல்காற்று:

வணக்கம். 22 அடி ஃபைபர் கிளாஸ் படகு. சிங்கப்பூரில் சாங்கி பக்கம் மூரிங்கில் (மிதவையில் கட்டி) ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கிறது. வார்ப்பிரும்பு ஃபின் கீல் (அடியில் துடுப்புபோல் நிற்கும் எடைத்தகடு), பின்னால் 6 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். நீர்மட்ட நீளம் 5.8 மீட்டர், அகலம் 2.4, ஆழம் 1.1. வாரக் கடைசியில் மட்டும் ஓடும், சில மாதங்களில் அதுவும் இல்லை.

முந்தைய உரிமையாளர் அடித்த நீலப் பெயிண்ட் என்ன வகை என்று தெரியவில்லை. அதன்மேல் பார்னக்கிள் (ஓடுள்ள ஒட்டுயிரி) அப்பிக்கிடக்கிறது, கீலில் அங்கங்கே துரு கசிகிறது. பிப்ரவரியில் யார்டில் ஒரு வாரம் இடம் கிடைத்திருக்கிறது. ஹார்ட் பெயிண்டா, கரையும் வகையா? பழையதை முழுக்கச் சுரண்டியே ஆகணுமா? எத்தனை லிட்டர் வாங்குவது? கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட் 20 லிட்டர் டிரம்மாக மலிவாகக் கிடைக்கிறது, அதையே அடித்தால் என்ன?

நங்கூரம்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். கப்பல் பெயிண்டை விட்டுவிடுங்கள். அது கரைகிற வேகத்தைக் கப்பலின் வேகத்துக்கும், மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதற்கும் கணக்குப் போட்டுத்தான் தயாரிப்பார்கள். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்தில் ஓடும் சரக்குக் கப்பலுக்கான பெயிண்ட் மூரிங்கில் சும்மா கிடக்கும் படகில் போதுமான அளவு கரையாது. மேல்தோல் செத்துப்போய், அதன்மேலேயே பாசி ஏறும். போதாததற்கு அதை ஏர்லெஸ் ஸ்ப்ரேயில் கனமாக அடிக்க வேண்டும். 20 லிட்டரில் பாதிக்கு மேல் மிஞ்சி, அதை எங்கே கொட்டுவது என்று அலைவீர்கள்.

"அந்தக் காலத்து டின் பெயிண்ட் மாதிரி வராது" என்று யார்டில் யாராவது சொல்வார்கள்; டின் என்றால் டப்பா அல்ல, வெள்ளீயம். உண்மைதான், அதிலிருந்த டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் பிரமாதமாக வேலை செய்தது. கூடவே சிப்பிகளையும் கெடுத்தது. பிரான்சில் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே படுத்த பிறகு, 1982-லேயே அங்கே சிறு படகுகளுக்குத் தடை வந்தது. உலக அளவிலான ஒப்பந்தம் 2001-ல் கையெழுத்தாகி 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று யாராவது பழைய டப்பா நீட்டினால் வாங்காதீர்கள்.

இப்போது வகை. ஹார்ட் பெயிண்டில் படலம் அப்படியே நிற்கும், உள்ளே இருக்கும் தாமிரம் மட்டும் கசிந்து வெளியேறும். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி: 400, 600 நம்பர் ஈர உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கலாம், அடிக்கடி துடைத்தாலும் தாங்கும். ஆனால் தாமிரம் தீர்ந்த ஓடு படகிலேயே தங்கும். நாலைந்து தடவை மேலுக்கு மேல் அடித்தால் கனம் தாங்காமல் பாளம் பாளமாகப் பெயரும்.

கரையும் வகையில் இரண்டு உண்டு. வெறும் அப்லேட்டிவ் ஓட்டத்தின் உராய்வில் தேயும். செல்ஃப் பாலிஷிங் கோபாலிமர் கடல்நீரோடு வினைபுரிந்து கரையும். கிடந்த இடத்திலேயே கிடக்கும் படகுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். அசையாமல் இருந்தாலும் மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். உங்கள் தண்ணீரின் சூடு ஆண்டு முழுக்க 28, 30 டிகிரி. பார்னக்கிள் குஞ்சுக்கு ஓய்வுப் பருவமே கிடையாது. ஆகவே குப்ரஸ் ஆக்ஸைடு (தாமிர ஆக்ஸைடு) அதிகம் உள்ளதாக, பாசிக்கென்று ஜிங்க் பைரிதியோன் போன்ற இன்னொரு மருந்தும் சேர்ந்ததாக, யாட்டுக்கென்றே விற்கிற பாலிஷிங் பெயிண்டை எடுங்கள்.

டப்பாவில் சிபுட்ரைன் என்ற பாசிக்கொல்லியின் பெயர் இருந்தால் அது பழைய சரக்கு. 2023 ஜனவரி 1 முதல் கப்பல்களில் புதிதாக அடிக்க அதற்கும் தடை.

துருப்பிடிக்காதவன்:

பெயிண்ட் எது என்பதைவிட அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் படகில் பெரிய விஷயம்.

படகைத் தூக்கிய அந்த மணி நேரத்திலேயே, ஈரம் காயும் முன், தகடு வைத்துப் பார்னக்கிளைத் தட்டி எடுத்துப் பிரஷர் வாஷ் அடித்துவிடுங்கள். காய்ந்தால் சிமென்ட்தான். ஓடு போனபின் வெள்ளை வெள்ளையாக வட்டத் தட்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றின்மேல் பெயிண்ட் அடித்தால் அந்த இடம்தான் முதலில் கழன்று வரும். ஈர உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். நீர்த்த அமிலம் தடவினால் சுண்ணாம்பு பொங்கிக் கரையும்தான். ஃபைபரில் மட்டும் தடவி உடனே கழுவிவிட வேண்டும், கீல் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது.

பழைய பெயிண்டின் வகை தெரிய ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி நீலமாகிவிட்டால் கரையும் வகை, நிறமே வராவிட்டால் ஹார்ட். ஹார்ட் மேல் கரையும் வகை அடிக்கலாம், 80 நம்பரில் நன்றாகக் கீறல் போட்டால் போதும். மெத்தென்ற பழைய பெயிண்ட்மேல் ஹார்ட் அடித்தால் வெடிக்கும். விசி 17 மாதிரி டெஃப்லான் கலந்த மெல்லிய பூச்சாக இருந்தால் அதன்மேல் எதுவும் ஒட்டாது, முழுக்க எடுத்தே ஆக வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் நடுவில் பிரைமோகான் போன்ற சீலர் ஒரு கோட் போடுவது வழக்கம்.

முழுக்கச் சுரண்டணுமா என்பதற்கு: மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். ஐந்தாறு இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து வந்தால் முழுக்க எடுங்கள். ஓரங்கள் படிப்படியாகத் தெரிகிற அளவுக்குப் பழைய கோட்டுகள் சேர்ந்திருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது என்பது என் கட்சி.

எக்காரணம் கொண்டும் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு முழுக்கத் தாமிர விஷம். ஈர உப்புத்தாள், பி3 வடிகட்டி வைத்த முகக்கவசம், கீழே தார்ப்பாய். சுரண்டியதை மூட்டை கட்டி யார்டின் விஷக்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

அடுத்தது கீல். தாமிரப் பெயிண்ட் நேரடியாக இரும்பைத் தொட்டால், உப்புத் தண்ணீரில் இரும்பு தன்னைத் தின்னக் கொடுத்துத் தாமிரத்தைக் காப்பாற்றும். பள்ளம் பள்ளமாக அரிக்கும். அதனால் கிரைண்டரில் வெள்ளி மாதிரி மின்னுகிற உலோகம் வரும்வரை துருவை எடுங்கள். வார்ப்பிரும்பின் குழிகளுக்குள் கருப்பாக நிற்கும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தோண்ட வேண்டும். சால்வென்ட்டால் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முதல் எபாக்ஸி கோட் ஏறிவிட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஆரஞ்சு நிறம் பூத்துவிடும். முதல் கோட் மட்டும் சற்று நீர்க்க, குழிக்குள் இறங்குகிற மாதிரி. பிறகு எபாக்ஸி பட்டியால் குழிகளை நிரப்பித் தேய்த்து, இன்டர்புரொடெக்ட் வகை இரு கலவை எபாக்ஸி நான்கைந்து கோட், காய்ந்தபின் மொத்தம் 250 மைக்ரானாவது. சாம்பலும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி அடித்தால் விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும்.

நங்கூரம்:

@துருப்பிடிக்காதவன் கீல் விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் படகின் உடம்பில் டேப் சோதனை பாஸானால் முழுக்கச் சுரண்டச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்தில் கீல் வேலையும் அதுவும் சேர்ந்து முடியாது. அவசரத்தில் ஜெல்கோட்டை (ஃபைபரின் வெளிப்பூச்சை) தோண்டிவிட்டால் அதற்கு எபாக்ஸி தடுப்பு போடும் வேலையும் தலையில் விழும்.

தென்றல்காற்று:

நன்றி. டேப் ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். பத்து வருஷம் வரும் என்கிறார்களே காப்பர்கோட், அதற்கு இந்த வாரத்தைப் பயன்படுத்தலாமா? அளவும் அடிக்கும் முறையும் யாராவது சொல்லுங்கள். அவுட்போர்டு காலுக்கும் இதே பெயிண்ட் போதுமா?

ரோலர்கை:

காப்பர்கோட் என்பது தாமிரத் தூள் கலந்த எபாக்ஸி. பழைய பெயிண்ட் ஒரு பொட்டுகூட இல்லாத உடம்பு வேண்டும். முந்தைய கோட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததை ஏற்றி ஒரே மூச்சில் நான்கைந்து கோட் முடிக்க வேண்டும். நடுவில் மழை பெய்தால் போச்சு. கீல் துருவோடு சேர்த்து ஒரு வாரத்தில் அது சூதாட்டம். தவிர, இந்தச் சூட்டுத் தண்ணீரில் அதையும் அடிக்கடி துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: நீர்மட்ட நீளத்தை அகலமும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்கி, ஃபின் கீல் படகுக்கு அதில் பாதி. 5.8 × 3.5 = 20.3, பாதி போட்டால் 10 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டர் போகும் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் ரோலரும் தட்டும் குடிப்பது போக 8 என்று வையுங்கள். இரண்டு கோட்டுக்கு 2.5 லிட்டர். நீர்மட்டக் கோடு, கீலின் முன்விளிம்பு, சுக்கான் ஆகியவற்றுக்கு மூன்றாவது கோட் அவசியம், அங்கேதான் தேய்மானமும் வெளிச்சமும் அதிகம். 2.5 லிட்டரில் ஒன்று, 0.75-ல் இரண்டு, ஆக 4 லிட்டர் எடுங்கள்.

எடுத்த பெயிண்டை மிச்சம் பிடிக்காதீர்கள். முக்கால்வாசி பேர் தவறுவது இங்கேதான். ஒரு லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப்படலம் 100 மைக்ரான், காய்ந்தால் ஏறக்குறைய பாதி. சுவருக்கு இழுப்பது மாதிரி 16 சதுர மீட்டருக்கு இழுத்தீர்கள் என்றால் படலமும் மெலியும், காலமும் அதே கணக்கில் குறையும். நடுவில் சந்தேகம் வந்தால் டப்பாவில் மீதம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் கோட் முடிந்தபின் 4 லிட்டரில் 3 லிட்டர் இருந்தால் மெலிசாக அடித்திருக்கிறீர்கள்.

குப்ரஸ் ஆக்ஸைடு கனமானது, டப்பா அடியில் களிமண்ணாக உட்கார்ந்திருக்கும். இரண்டு நாள் முன்பே டப்பாவைத் தலைகீழாக வையுங்கள். அடிக்கும் அன்று தட்டையான கட்டையால் அடியைச் சுரண்டிக் கலக்குங்கள். கட்டையில் கட்டி ஒட்டாமல் வரும்வரை விடாதீர்கள். மேலே தெளிந்ததை ஊற்றி அடித்தால் அது வெறும் நிறம்தான். மூன்று டப்பாவும் ஒரே நிறமென்றாலும் ஒரு வாளியில் சேர்த்துக் கலந்துகொள்வது நல்லது. தின்னர் 10 சதவீதத்துக்கு மேல் போகாது, முடிந்தால் போடவே வேண்டாம்.

குட்டை முடி ரோலர், 7 அங்குலம். மலிவு ஸ்பாஞ்ச் ரோலர் தின்னரில் கரைந்து பிய்யும். பிப்ரவரி நல்ல தேர்வு, மழை குறைவான மாதம். காலை பத்து மணி வாக்கில், பனி ஈரம் போனபின் தொடங்குங்கள். படகு உடம்பின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் சூட்டைவிட) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே பனிப்புள்ளி 24, 25-ல் நிற்கும். வெயில் ஏறிய பக்கத்தில் ரோலர் இழுபடும்; நிழல் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வாருங்கள். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே உரியுங்கள். மறுநாள் உரித்தால் விளிம்பு கிழியும். டேப்பை உண்மையான நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் மேலே ஒட்டுங்கள்.

முதல் கோட்டுக்கு வேறு நிறம் வைத்தால் பின்னால் அது எட்டிப் பார்க்கும்போது மறு பூச்சுக்கு நேரம் என்று தெரியும். அதற்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தனியாக எடுத்து, முதன்மை நிறத்தில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேறு நிறத்தை வாளியில் சேர்த்துவிடாதீர்கள்.

கீலில் எபாக்ஸியின் கடைசிக் கோட் முழுக்கக் காயும் முன் முதல் ஆன்டிஃபவுலிங் போக வேண்டும். கட்டைவிரலை வைத்தால் தடம் பதிய வேண்டும், பெயிண்ட் விரலில் ஒட்டக்கூடாது. இந்தச் சூட்டில் அந்த நேரம் சில மணிகள்தான். தவறிவிட்டால் மெழுகுப் படலத்தைத் தண்ணீரால் கழுவி, 80 நம்பரில் கீறிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

அவுட்போர்டு கால் அலுமினியம், தாமிர ஆக்ஸைடு அதைக் கடித்துத் துளைத்துவிடும். நிறுத்தும்போது தூக்கிவிடுவதுதான் உத்தமம். அடித்தே ஆக வேண்டும் என்றால் அலுமினியத்துக்கென்று விற்கும் தாமிர ஆக்ஸைடு இல்லாத பெயிண்ட், அடியில் எபாக்ஸி பிரைமரோடு. துத்தநாக ஆனோடு (மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபடும் கட்டி) எங்கே இருந்தாலும் அதன்மேல் ஒரு துளியும் படக்கூடாது. ஆழமானி முகத்துக்குத் தண்ணீர் அடிப்படையிலான மெல்லிய டிரான்ஸ்டியூசர் பெயிண்ட் போதும்.

துருப்பிடிக்காதவன்:

ஒன்று விட்டுப்போச்சு: முட்டுக்கட்டை படும் இடங்களும் கீலின் அடிப்பாகமும். முட்டுகளை நீங்களே நகர்த்தாதீர்கள், யார்டு ஆட்களை வைத்து ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லி அங்கேயும் அதே கோட்டுகள் போடுங்கள். கீல் அடி வெறும் இரும்பாகப் போய்விடக் கூடாது. இறக்குவதற்கு முந்தின மாலை ஸ்லிங்கில் (தூக்கும் பட்டையில்) தொங்க விடுவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். எபாக்ஸியும் இரண்டு கோட் பெயிண்டும் காய ஓர் இரவு வேண்டும். கடைசிக் கோட்டிலிருந்து தண்ணீரில் இறக்கக் குறைந்தது எத்தனை மணி, அதிகபட்சம் எத்தனை நாள் என்பது பெயிண்டின் டேட்டா ஷீட்டில் சூடுவாரியாக இருக்கும், 35 டிகிரி வரிசையைப் பாருங்கள்.

இறக்கியபின் பாசி வழுவழுப்பு தெரிந்தால் மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். பச்சை நார் பட்டையால் தேய்த்தால் பாசியோடு பெயிண்டும் போய்விடும்.