மறு: ‘கட்டுப்பாட்டு இணைப்பு’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

திறந்தவெளி கிரில் மேடைக்கு அடித்தளம் போடும் குறிப்பின் தமிழாக்கத்தைப் படித்தேன். ‘சாய்மானம்’ என்றிருப்பதை ‘வாட்டம்’ என்று மாற்றுங்கள். கொத்தனார் வாயில் அதுதான் வரும். ஜல்லியை இடித்து இறுக்கத் ‘திமிசு போடுதல்’ இருக்கும்போது ‘செறிவூட்டல்’ எதற்கு? யுரேனியத்தையல்லவா செறிவூட்டுவார்கள்!

எனக்கு நெருடுவது, கான்கிரீட் தளத்தில் கீறும் கண்ட்ரோல் ஜாயின்ட்டுக்குப் போட்டிருக்கும் ‘கட்டுப்பாட்டு இணைப்பு’. அது எதையும் இணைப்பதில்லை. கான்கிரீட் காயக் காயச் சுருங்கும், சுருங்கினால் எங்காவது விரிசல் விடும். எங்கே விடட்டும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. அதனால் 100 மி.மீ. தளத்தில் 25 மி.மீ. ஆழத்துக்கு, கனத்தில் கால் பங்கு, கீறி வைக்கிறோம். மெலிந்த இடமாகப் பார்த்து விரிசல் கீறலுக்கு அடியில் ஓடிவிடும். மாத்திரையைப் பாதியாக உடைக்க நடுவே ஒரு கோடு இருக்குமே, அதே வேலை. அந்தக் கோட்டை இணைப்பு என்போமா?

என் பரிந்துரை: முன்கீறல். ‘முன்’ சும்மா ஒட்டியதல்ல. விரிசல் முந்திக்கொள்வதற்குள், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், ரம்பம் ஓடியாக வேண்டும். ‘விரிசற்கோடு’ என்றும் யோசித்தேன். ஏற்கெனவே வெடித்த தளம் என்று படிப்பவர் பயந்துவிடுவார்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “மேடை ‘ட’ வடிவமானாலும் தளத்தைச் செவ்வகமாகவே போடுங்கள். தளமும் ‘ட’ ஆனால் உள்மூலையில்தான் முதல் விரிசல் கிளம்பும். அங்கே முன்கீறல் போட்டால் அது மேடைக்கு அடியில் போய்விடும்.” போகக் கூடாது. கட்டுமானக் கல்லும் மேல்பலகைக் கல்லும் சேர்ந்தால் ஒரு டன்னை எளிதில் தாண்டும், வளைந்தும் கொடுக்காது. அடியில் தளம் அசைந்தால் விரிசல் படிப்படியாகச் சாந்து வழியே மேலே ஏறிவிடும். முன்கீறல் மேடை ஓரத்துக்கு வெளியே விழட்டும்.

வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே அட்டை வைத்துப் பிரிப்பது வேறு சங்கதி. அது முழுக் கனத்துக்கும் இறங்கும். இரண்டும் தனித்தனியே அமர வேண்டும் என்பதற்காக. அதற்குப் போன மடலில் வந்த ‘விடுவெளி’ எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. குறிப்பின் கடைசியில் ‘இணைப்பை நிரப்பவும்’ என்றிருக்கிறது. அதைச் சிமென்ட் பூசச் சொல்வதாகத்தான் நான் முதலில் எடுத்துக்கொண்டேன். ‘முன்கீறலுக்குள் இழுபடும் அடைப்புப் பசை (சீலன்ட்) விடவும்’ என்று மாற்றலாமா?