தெரபிஸ்ட்டிடம் சொல்வது எப்போது வெளியே போகும்?

நிலாமுற்றம் (கேள்வி):
அடுத்த வாரம் முதல் முறையாக ஒரு தெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகிறேன். ஒரு ஒப்புதல் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். நான் சொல்வதெல்லாம் ரகசியமாக இருக்குமாம், “உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து இருப்பதாகக் கருதினால் தவிர”. அந்த ‘தவிர’ தான் உறுத்துகிறது. சில ராத்திரிகளில், நான் இல்லாமல் போனால் என்ன என்று தோன்றும். எதுவும் செய்துகொள்ளும் உத்தேசம் இல்லை. இதைச் சொன்னால் உடனே வீட்டுக்குப் போன் போய்விடுமா? பேசாமல் இதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்லலாமா?

கரிசல்காற்று:
எதற்கும் பார்த்துப் பேசுங்கள். ஆள் எப்படி என்று தெரிந்த பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆற்றங்கரை:
பல வருடங்களாக ஆலோசகராக இருக்கிறேன். தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். நீங்கள் போவதே அந்த ராத்திரிகளுக்காகத்தானே?

‘இல்லாமல் போனால் என்ன’ என்ற நினைப்பை இந்த வேலையில் அடிக்கடி கேட்கிறோம். அதைக் கேட்டதும் யாரும் போனை எடுப்பதில்லை. கேள்விதான் கேட்போம். எப்படி என்று யோசித்ததுண்டா, எப்போது என்று தீர்மானித்ததுண்டா, முன்பு முயன்றதுண்டா, உங்களைப் பிடித்து நிறுத்துவது எது என்று. இந்தப் பதில்களை வைத்துத்தான் நினைப்பு எது, திட்டம் எது என்று பிரித்துப் பார்க்கிறோம். நினைப்பு மட்டும் என்றால், மோசமான ராத்திரியில் முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று உங்களோடு உட்கார்ந்து எழுதுவோம். அது உங்கள் கையில்தான் இருக்கும்.

ரகசியத்தை மீறுவது எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான். திட்டம் இருக்கிறது, ஆபத்து நெருங்கிவிட்டது, பாதுகாப்புக்கான எந்த ஏற்பாட்டுக்கும் எதிரே இருப்பவர் சம்மதிக்கவில்லை என்ற நிலை. அப்போதும் முடிந்தவரை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நான் இப்படிக் கேட்பேன்: “உங்க அக்காகிட்ட சொல்லியே ஆகணும். நீங்களே இங்கிருந்து பேசறீங்களா, நான் பேசட்டுமா?” பெரும்பாலும் அவர்களே பேசிவிடுவார்கள். நான் பேச நேர்ந்தாலும், “இன்றிரவு அவர் தனியாக இருக்கக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்” என்பதோடு நிற்கும். அவருடைய கடன், காதல், கல்யாணத் தகராறு எதுவும் அந்தப் பேச்சில் வராது. தேவையானவரிடம் தேவையானதை மட்டும் சொல்வதுதான் இந்தத் தொழிலின் நெறி.

வழக்குமன்றம்:
பிறருக்கு ஆபத்து என்ற பகுதிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1969இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர், டாட்டியானா தாராசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகப் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் விசாரித்துவிட்டு, தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ அவர் பெற்றோருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். எச்சரிக்கும் கடமை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1974இல் சொன்னது. 1976இல் மறுபடி விசாரித்து, அதைப் பாதுகாக்கும் கடமை என்று விரிவாக்கியது. எல்லா நாட்டிலும் சட்டம் இதே போல் இல்லை. ஆனால் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் இந்த வழக்கு வந்துவிடும்.

ஆற்றங்கரை:
நல்ல உதாரணம். அந்த உளவியலாளர் வாய்மூடி இருக்கவில்லை என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சொன்னார், ஆனால் அந்தப் பெண்ணின் காதுக்குப் போகவில்லை. அதனால்தான் எப்போது மீறுவது என்பதோடு, யாரிடம் சொன்னால் உயிர் தப்பும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆத்திரத்தில் “அவனைக் கொன்னுடலாம்னு இருக்கு” என்பது வேறு, ஆள், இடம், நாள் என்று சொல்வது வேறு. முன்பு செய்த தப்பை ஒருவர் சொன்னால் அது பொதுவாக அறைக்குள்ளேயே இருக்கும். குழந்தை வதை விஷயம் அப்படியல்ல. ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால் பல நாடுகளில் தகவல் சொல்வது சட்டப்படி கட்டாயம். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அப்புறம் கோர்ட் உத்தரவு. வக்கீல் கடிதம் அனுப்பினார் என்பதற்காகக் கோப்பைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. நீதிமன்றம் கேட்டாலும், கேட்ட அளவுக்குத்தான்.

நிலாமுற்றம்:
நன்றி. கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. எந்தக் கட்டத்தில் வெளியே சொல்வீர்கள் என்று அவரிடமே கேட்கலாமா? தப்பாக நினைத்துக்கொள்வாரோ? இன்னொன்று, அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதியிருக்கிறேன். அவருக்குத் தெரிவதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஆற்றங்கரை:
தாராளமாகக் கேளுங்கள், முதல் செஷனிலேயே. யாரிடம் சொல்வீர்கள், எனக்கு முன்கூட்டித் தெரிவிப்பீர்களா, நோட்ஸை வேறு யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மழுப்புகிறார் என்று தோன்றினால் வேறு ஒருவரைத் தேடலாம். தொடர்புப் பெயரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். நீங்கள் நம்பும் தோழியோ சித்தியோ, பதறாமல் கிளம்பி வரக்கூடியவராக இருந்தால் போதும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஒருவேளை அடுத்த வாரத்துக்குள் ஏதாவது ஒரு ராத்திரி தாங்க முடியாமல் போனால், சந்திப்பு நாள் வரை பொறுக்காதீர்கள். உடனே அந்தத் தோழியையோ சித்தியையோ, உங்கள் பகுதி அவசர உதவி எண்ணையோ கூப்பிடுங்கள்.