புதுப்பிப்பு: தக்காளி ஜாடி திறந்துவிட்டது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: அக்கா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மேசன் ஜாடிகளில் (உணவைச் சூடாக்கி, காற்றுப் புகாமல் மூடி வைக்கும் கண்ணாடி ஜாடி) தக்காளியை அடைத்து வைத்தேன், இப்போது ஒன்றையும் திறக்க முடியவில்லை என்று. ரப்பர் கையுறை, வெந்நீர், ஈரத்துணி என்று ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள்.

தவறு என்னுடையது. இந்த மூடி இரண்டு பகுதி: தட்டையான தகடு, அதைச் சுற்றித் திருகும் வளையம். ஜாடி ஆறி இறுகியதும் வளையத்தைக் கழற்றி, கழுத்தைத் துடைத்துத்தான் அலமாரியில் வைக்க வேண்டுமாம். நான் அப்படியே விட்டதால், வழிந்த சாறு காய்ந்து பசைபோல் பிடித்துக்கொண்டது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தேன், வளையம் அசைந்தது.

தகட்டுக்குத் திருகலே தேவையில்லை. உள்ளே காற்றழுத்தம் குறைவு. வெளிக்காற்றுதான் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. சோடா ஓப்பனரை விளிம்பில் கொடுத்து மெல்ல நெம்பினேன். ‘டப்’ என்றது, அவ்வளவுதான். (அம்மா ஜாடியைத் தலைகீழாகத் தரையில் தட்டச் சொன்னார். நல்லவேளை, கேட்கவில்லை.)

ஐந்தில் ஒன்றின் தகடு மட்டும் குழியாமல் மேலே உப்பியிருந்தது. ருசிகூடப் பார்க்காமல் மூடியோடு உறையில் கட்டி எறிந்துவிட்டேன். பொட்டுலிசம் நஞ்சு (அடைத்து வைத்த உணவில் ஒரு கிருமி உண்டாக்கும் கொடிய நஞ்சு) இருந்தால் வாசனையில் தெரியாது. போதுமான புளிப்பு இருந்தால் அந்தக் கிருமி வளராது; அதனால் அடுத்த முறை அரை லிட்டர் ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அதுவும் புட்டியில் விற்பது; பழத்துக்குப் பழம் புளிப்பு மாறுகிறதே.

மற்ற நான்கும் ரசத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.